துண்டு எடுக்கவில்லை

இடியப்பம் அவித்து விற்கிற சிவமணி இடியப்பம் சாப்பிடுவதை விட்டு ஐந்து மாதமாகியிருந்தது. அவளுடைய புருஷன் பொன்னம்பலத்துக்கு அது நாலாம் மாதத்தில்தான் கண்ணில் பட்டது. பட்டும் அதைப் பக்தி என்றே அவர் எடுத்துக்கொண்டார்.

அப்படி எடுத்துக்கொள்ள இடமும் இருந்தது. வெள்ளிக்கிழமை அவளுக்கு எப்போதும் விரதம். பிறகு செவ்வாயும் சேர்ந்தது. புரட்டாதிச் சனி வந்தது. கந்தசஷ்டிக்கு ஆறு நாளும் பாலும் பழச்சாறும். கார்த்திகையில் சோமவாரம், அதையொட்டிப் பிள்ளையார் பெருங்கதைக்கு இருபத்தொரு நாள், பிறகு திருவெம்பாவை. சைவக்காரர் வீட்டில் சாப்பிடாமல் இருக்க விரும்புகிற பெண்ணுக்குப் பொய் சொல்ல வேண்டிய தேவையே இல்லை. பஞ்சாங்கம் அவளுக்காகச் சொல்லிவிடும்.

"இப்பிடியே போனால் உன்னையும் கோயில்ல சிலையாய் வைக்கப்போறாங்கள். அறுபத்துநாலாவது நாயனார்" என்று பொன்னம்பலம் பகிடி விட்டார்.

"வைக்கட்டுமன். அங்கையாவது ஒரு இடத்தில இருக்கலாம்" என்றாள் அவள், மாவைக் குழைத்தபடி.

காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருஷம் வேலை செய்தவர் பொன்னம்பலம். போரில் தொழிற்சாலை நின்றது, ஊர் நின்றது, யாழ்ப்பாணமே எழும்பி நடந்தது. அந்த நடையின் கடைசியில் இருவரும் வந்து தங்கியது கொழும்பு வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில், பின்பக்கத்து இரண்டு அறையில். ஒரே மகன் சுவிஸில் விசா முடிவுக்காகக் காத்திருந்தான். அந்த ஒழுங்கையில் மூன்று லொட்ஜ்கள். வெளிநாட்டுக்குப் போகக் காத்திருக்கும் வடபகுதிச் சனம் அங்கே மாதக்கணக்கில் கிடந்தது. அந்தச் சனத்துக்குக் காலையில் இடியப்பமும் சொதியும் சம்பலும் இல்லாவிட்டால் நாள் விடியாது.

வேலை இருட்டோடு தொடங்கும். சிவமணி மாவுக்குக் கொதிநீர் விட்டுக் குழைப்பாள். எவ்வளவு தண்ணீர் என்பதைக் கண்ணால் அளப்பாள். அன்றைக்குக் கடற்காற்று ஈரமாக இருந்தால் ஒரு கை குறைப்பாள். இடியப்ப உரல் பிழிகிறது பொன்னம்பலத்தின் பாடு. சீமெந்து மூட்டை தூக்கிய கைகளுக்கே அது முதல் கிழமை வலித்தது. ஆறரைக்கு முதல் ரயில் கடற்கரையோரம் தடதடத்துப் போகும்போது கடைசித் தட்டு நீராவியிலிருந்து இறங்கியிருக்க வேண்டும். பிறகு பொன்னம்பலம் உப்புக்காற்றில் துருவேறிய சைக்கிளில் பெட்டிகளைக் கட்டிக்கொண்டு புறப்படுவார்.

சொதிக்கு உப்புப் பார்ப்பதும் அவர்தான். பார்த்துவிட்டு ஏதாவது குறை சொல்லாமல் விடமாட்டார். "கடல் பக்கத்தில இருக்கெண்டு அள்ளிக் கொட்டினனியோ?" என்பார். அவள் அகப்பையால் பானையைத் தட்டுவாள். இருபத்தெட்டு வருஷமாக அந்தச் சத்தம்தான் அவர்களுடைய காலை.

உண்மையைக் கண்டுபிடித்தவள் பக்கத்து வீட்டு ஸமீமா. தை மாதத்தில் ரமழான் நோன்பு வந்தது. ஸமீமா பொழுதுபடக் கஞ்சி காய்ச்சி, இறைச்சி போடாமல் ஒரு கோப்பை எடுத்துச் சிவமணிக்குத் தருவாள். சிவமணி ஆசையாகக் குடித்துவிட்டு இன்னொரு கோப்பையும் கேட்பாள். ஒருநாள் ஸமீமா கஞ்சியோடு ஒரு ஈச்சம்பழமும் வைத்தாள். மறுக்கக் கூடாதென்று சிவமணி வாயில் போட்டாள். அது நெஞ்சுக்கு நடுவே போய் நின்றது. மேலேயும் வரவில்லை, கீழேயும் போகவில்லை. வாயால் எச்சில் நூலாக வடிய, கண் பிதுங்க, அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

மறுநாள் ஸமீமா ஒழுங்கையில் சைக்கிளை மறித்தாள்.

"அண்ணே, ஒங்கட பொம்புளைக்கு விரதமும் இல்ல, ஒண்டும் இல்ல. நெஞ்சால எறங்குதில்ல. கஞ்சிண்டா ரெண்டு கோப்ப குடிக்கிற மனுசி ஒரு ஈச்சம்பழத்துக்கு மவுத்தாகிப் பொழச்சீக்கி. நீங்க ஊரெல்லாம் சாப்பாடு குடுக்கிறீங்க, ஊட்டுல என்னா நடக்குதுண்டு தெரியாதா?"

பொன்னம்பலம் சைக்கிளைத் திருப்பினார். வீட்டுக்கு வந்து மனைவியைப் பார்த்தார். சட்டையின் கை தொளதொளத்துக் கிடந்தது. கழுத்தெலும்பு இரண்டும் வெளியே நின்றன.

"எவ்வளவு நாளாய்?"

"ஆவணியிலயிருந்து. முதல் சோறு மட்டும்தான் சிக்கினது. தண்ணி குடிச்சால் இறங்கிப் போடும்."

"என்னட்டைச் சொன்னால் என்ன?"

"சொன்னால் ஆஸ்பத்திரி எண்டுவியள். ஆஸ்பத்திரிக்குப் போனால் காலைமை ஆர் மாக் குழைக்கிறது?"

ஆஸ்பத்திரியில் நாள் கிடைக்கப் பங்குனியாகிவிட்டது. முதலில் வெள்ளைக் கூழ் போல ஒன்றைக் குடிக்கக் கொடுத்துப் படம் எடுத்தார்கள். சுண்ணாம்பு குடித்தது போல இருந்தது என்றாள். படத்தைப் பெரிய உறையில் போட்டுத் தந்தார்கள். திரும்பும் வழியில் காவலரணில் பஸ்ஸை மறித்து எல்லாரையும் இறக்கினார்கள். அடையாள அட்டை, பொலிஸ் பதிவுத் துண்டு எல்லாம் பார்த்துவிட்டு, ஒரு சின்ன வயதுச் சிப்பாய் உறையைத் திறக்கச் சொன்னான். படத்தை வெயிலுக்கு எதிரே தூக்கிப் பிடித்தான். அம்மாவுக்குச் சுகமில்லையா என்று சிங்களத்தில் கேட்டான். "ஓவ், மாத்தையா" என்று தலையாட்டினார் பொன்னம்பலம். அவன் படத்தைக் கவனமாக உறைக்குள் விட்டுத் திருப்பித் தந்தான். அந்தக் கவனம் பொன்னம்பலத்தைப் பயமுறுத்தியது. அவனுக்கே தெரிகிற அளவுக்கு ஏதோ இருக்கிறது என்று நினைத்தார்.

பத்து நாள் கழித்துக் கமரா விட்டுப் பார்க்க வரச் சொன்னார்கள். வாய்வழியாக ஒரு குழாயை இறக்கி உள்ளே பார்ப்பது. பொன்னம்பலம் வெளியே மர வாங்கில் குந்தியிருந்தார். அன்று பார்த்து நகரத்தில் எங்கோ குண்டு வெடித்தது. ஜன்னல் கண்ணாடிகள் அதிர்ந்தன. கொஞ்ச நேரத்தில் அம்புலன்ஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. உள்ளேயிருந்து பெரிய டொக்டர் கையுறையைக் கழற்றிக்கொண்டே ஓட, பின்னால் படிக்கிற பிள்ளைகளும் ஓடினார்கள். கடைசியாக வந்த நேர்ஸை மறித்துப் பொன்னம்பலம் கேட்டார்: துண்டு எடுத்தீர்களா?

இல்லை, எடுக்கவில்லை, வாற மாதம் முதல் வியாழன் கிளினிக்குக்கு வாருங்கள், டொக்டர் பேசுவார், என்று சிங்களத்தில் சொல்லிவிட்டு அவளும் ஓடினாள்.

துண்டு எடுப்பது என்றால் என்னவென்று பொன்னம்பலத்துக்கு நன்றாகத் தெரியும். அவருடைய தமையனுக்கு நாக்கில் எடுத்தார்கள், லொட்ஜில் ஒரு கிழவருக்கு வயிற்றில் எடுத்தார்கள். சதையில் ஒரு துண்டு கிள்ளிச் சோதனைக்கு அனுப்புவார்கள், முடிவு வரும், மகரகமைப் புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குப் போ என்பார்கள், கதிர் அடித்துக் கறன்ட் பிடிப்பார்கள். துண்டு எடுக்கிறவரைக்கும் மருத்துவம் இருக்கிறது. தொழிற்சாலையில் அவரோடு வேலை செய்த ஒருவருக்கு மட்டும் எடுக்கவில்லை. திறந்து பார்த்துவிட்டு அப்படியே மூடித் தைத்து, வீட்டுக்குக் கொண்டுபோய் விருப்பமானதைக் கொடுங்கள் என்றார்கள். நாற்பது நாள்தான் இருந்தார்.

"என்னவாம்?" என்றாள் சிவமணி, ஓட்டோவில் ஏறும்போது. தொண்டை மரத்திருந்ததால் குரல் கரகரத்தது.

"ஒண்டுமில்லையாம். சும்மா ஒரு தடிப்பாம்."

"ஓம்" என்றாள் அவள். அதற்குமேல் கேட்கவில்லை.

அன்றிலிருந்து பொன்னம்பலம் வேறு ஆளானார். மாக் குழைப்பதையும் தானே எடுத்துக்கொண்டார். முதல் நாள் இடியப்பம் கல்லாக இருந்தது, இரண்டாம் நாள் களியாக இருந்தது. லொட்ஜ்காரர் முகம் சுளித்தார்கள், அவர் கவலைப்படவில்லை. பழப்பாணி வாங்கி வந்தார். முருங்கையிலைச் சாறு வடித்தார். பிள்ளைப் பருவத்தில் அவளுக்குப் பிடித்தது பனங்கற்கண்டுப் பால் என்று எப்போதோ சொன்னது நினைவு வந்து, கொட்டாஞ்சேனைவரை போய்த் தேடி வாங்கினார். வரும் வழியில் ஜிந்துப்பிட்டி முருகன் கோயிலில் நின்று, என்ன கேட்பதென்று தெரியாமல் சும்மா நின்றுவிட்டு வந்தார். தொலைபேசிக் கடையில் மகனோடு கதைத்தார். "அம்மா என்னமாதிரி?" என்று அவன் கேட்டான். "நல்லாயிருக்கிறா, நித்திரை" என்றார். கடைக்கண்ணாடிக்கு வெளியே காலை பத்து மணி வெயில் எரித்தது.

அவருக்கு ஒரு யோசனை ஓடியது. துண்டு எடுத்தால்தானே வருத்தத்துக்குப் பெயர் வரும், பெயர் வந்தால்தானே மருந்து வரும்? பெரியாஸ்பத்திரியில் எடுக்காவிட்டால் என்ன, எடுக்கிற இடம் ஒன்றுமே இல்லையா? லொட்ஜில் விசாரித்தார். தனியார் வைத்தியசாலை ஒன்றில் கேட்டதும் எடுப்பார்கள் என்று ஒருவர் சொன்னார். பொன்னம்பலம் போய் நாள் குறித்துக்கொண்டு வந்தார். கிளினிக்குக்கு முந்தின நாள், புதன்கிழமை.

செவ்வாய் பின்னேரம் சிவமணி முற்றத்தில் தட்டுகளைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். சோளகக் காற்று தொடங்கியிருந்தது. கடல் இரைச்சல் ஒழுங்கைக்குள் கேட்டது.

"நாளைக்கு ஒரு இடத்துக்குப் போகவேணும்" என்றார் பொன்னம்பலம். "சும்மா சத்துக்கு ஊசி போடுறாங்களாம்."

அவள் நிமிரவில்லை. "இஞ்சேருங்கோ, நீங்கள் என்னோட சண்டை பிடிச்சு எத்தினை நாள் தெரியுமே?"

"என்ன விசர்க்கதை?"

"பதினெட்டு நாள். காலைமை சொதிக்கு உப்புப் போடாமல் விட்டனான். வேணுமெண்டுதான் விட்டனான். குடிச்சுப்போட்டு 'திறம்' எண்டு சொல்லிப்போட்டுப் போறியள்."

பொன்னம்பலம் படியில் குந்தினார்.

"எனக்குத் தெரியுமப்பா" என்றாள் அவள். "நான் முழிச்சுக்கொண்டுதான் கிடந்தனான். குழாயை உள்ளுக்கு விட்டுப்போட்டு ஒரு பெடியன் இடுக்கிமாதிரி ஒண்டைத் தூக்கினவன். பெரிய டொக்டர் அவன்ரை கையைப் பிடிச்சுப்போட்டார். தொடாதை எண்டு இங்கிலீசில சொன்னவர். அந்தளவு இங்கிலீசு எனக்கும் விளங்கும். தொடக்கூடாத அளவுக்கு முத்தீட்டுது, என்ன?"

"உனக்கு ஆர் சொன்னது?"

"நீங்கள்தான். நீங்கள் பனங்கற்கண்டு வாங்கிக்கொண்டு வந்தநேரம் எனக்குத் தெரிஞ்சுபோச்சு. சாகப்போற ஆளுக்குத்தானே அப்பிடித் தேடிக் குடுக்கிறது."

அவருடைய தோள் குலுங்கியது. சத்தம் வெளியே வராமல் சாரத்தின் நுனியை வாய்க்குள் வைத்துக் கடித்தார். சிவமணி ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்து பக்கத்தில் இருந்தாள்.

"ஊசி எண்டு எங்கை கூட்டிக்கொண்டு போகப்போனனியள்?"

சொன்னார். துண்டு எடுக்காததைச் சொன்னார், நாள் குறித்ததைச் சொன்னார்.

"நான் வரேல்லை."

"பெயர் தெரிஞ்சால் மருந்து..."

"தெரிஞ்ச டொக்டரே தொடாதை எண்ட இடத்தை, தெரியாத ஒருத்தன் கிள்ளவோ? நாளையண்டைக்கு வியாழக்கிழமை. அந்த மனுசனிட்டையே கேப்பம். எத்தினை நாள் எண்டு நேராய்ச் சொல்லட்டும். தெரிஞ்சால் மகனுக்கும் உள்ளதைச் சொல்லலாம்."

"சிவமணி, ஒருக்கா எடுத்துப் பாப்பமே. என்ரை மனம் ஆறும்."

"உங்கடை மனம் ஆறுறதுக்கு என்ரை நெஞ்சைக் கிள்ளவோ?"

பதினெட்டு நாளுக்குப் பிறகு அவர்கள் சண்டை பிடித்தார்கள். உரத்தே பிடித்தார்கள். அவள் தட்டை நிலத்தில் போட்டாள். ஸமீமா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "அல்லாட காவல், இப்பத்தான் ஊடு மாதிரி ஈக்கி" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். புதன்கிழமை அவர்கள் எங்கும் போகவில்லை.

வியாழக்கிழமை கிளினிக்கில் நூற்றுக்கு மேல் சனம். பெரிய டொக்டர் நரைத்த, ஒல்லியான சிங்களவர். அறையில் உதவிக்கு அற்றென்டனாக நின்றவர் வலன்ரைன் என்ற கொட்டாஞ்சேனைக்காரர். டொக்டர் அவரைத் தமிழில் சொல்லச் சொன்னார்.

டொக்டர் படத்தை வெளிச்சப் பெட்டியில் மாட்டினார். வெள்ளைக் கூழ் இறங்கிய தடத்தில் ஒரு பக்கம் பிறை மாதிரி உள்ளே அமுங்கியிருந்தது.

"அண்ணே, இந்த ஓரத்தப் பாருங்கன்னு சொல்றார்" என்றார் வலன்ரைன். "வழுவழுன்னு இருக்குதாம். கெட்ட கட்டின்னா கரடுமுரடா, அரிச்ச மாதிரி இருக்குமாம். கமராவுல பார்த்தப்பவும் உள்தோல் நல்லா இருந்திச்சாம். கட்டி தோலுல இல்ல, தோலுக்குப் பின்னால சதைக்குள்ள இருக்கு. சாதுவான கட்டி. இருபது வருஷத்துல இவர் பார்த்ததுல இது ஆறாவது."

பொன்னம்பலத்துக்கு ஒரு சொல்லும் உள்ளே போகவில்லை. "அப்ப ஏன் துண்டு எடுக்கேல்லை?" என்றார்.

வலன்ரைன் அதைச் சிங்களத்தில் கேட்டார். டொக்டர் அவரை ஒரு கணம் பார்த்தார். வெளியே நின்ற வரிசையையும் பார்த்தார். பிறகு தட்டிலிருந்து இரண்டு துண்டு மருந்துத்துணி எடுத்து, மருந்துப் போத்தலின் ரப்பர் மூடி ஒன்றை இரண்டுக்கும் நடுவில் வைத்தார். மேல்துணியைக் கத்தரிக்கோலால் கீறி விரலால் அமத்தினார். மூடி வழுக்கிக்கொண்டு வெளியே வந்தது. கீழ்த்துணி அப்படியே இருந்தது. இன்னொரு முறை வைத்தார். இம்முறை கீழ்த்துணியோடு சேர்த்து மூடியில் ஒரு கம்பிப் பின் குத்தினார். மேலே கீறி மூடியை இழுத்தார். கீழ்த்துணி கிழிந்துகொண்டு கூடவே வந்தது.

"வெளங்குதாண்ணே?" என்றார் வலன்ரைன் மெதுவாக. "கீழ்த்துணிதான் உள்தோலு. துண்டு எடுத்த எடம் ஆறும்போது உள்தோலு கட்டியோட ஒட்டிக்கிடும். அப்புறம் கட்டிய எடுக்கப் போனா தோலும் கிழியும். கிழிஞ்சா சாப்பாடு நெஞ்சுக்குள்ள ஒழுகும், அது பெரிய ஆபத்து. அதனாலதான் தொடல்ல. வெளியால, விலாவைத் திறந்து, முழுசா எடுப்பாராம். எடுத்த பெறகுதான் சோதிப்பாங்க. நூத்துக்கு நூறு அப்பத்தான் சொல்லலாம், ஆனா தன்னோட மனசுல சந்தேகம் இல்லங்கிறார்."

பொன்னம்பலம் கதிரையின் கையைப் பிடித்துக்கொண்டார். துண்டு எடுக்க நேற்றைக்கு வேறொரு இடத்தில் நாள் குறித்திருந்ததைச் சொன்னார். சொல்லாமல் இருக்க முடியவில்லை. டொக்டரின் முகம் இறுகியது. போனீர்களா என்று நேராகவே தமிழில் கேட்டார்.

"இல்லை. இவ விடேல்லை."

டொக்டர் சிவமணியைப் பார்த்தார். பின்னால் நின்ற படிக்கிற பிள்ளைகள் பக்கம் திரும்பி ஆங்கிலத்தில் ஏதோ சொல்ல, அவர்கள் சிரித்தார்கள்.

"என்னவாம்?" என்றாள் சிவமணி.

"இந்த அம்மா ஒங்களவிட நல்ல டொக்டர்ன்னு பிள்ளைங்களுக்குச் சொல்றார்."

"புத்தியால நிக்கேல்லை எண்டு சொல்லுங்கோ" என்றாள் அவள். "பயத்தில நிண்டனான்."

சத்திரசிகிச்சைக்கு நாள் குறித்தார்கள். இரண்டு முறை அது தள்ளிப்போனது. வன்னியில் சண்டை மூண்டிருந்தது. காயப்பட்டவர்கள் வந்தால் மற்ற நோயாளர் காத்திருக்க வேண்டும். சிவமணி கஞ்சியிலும் பாலிலும் இரண்டு மாதம் கிடந்தாள். இரத்தம் கொடுக்க ஆள் கொண்டுவரச் சொன்னார்கள். ஸமீமாவின் புருஷனும், ஒழுங்கை முனையில் சைக்கிள் திருத்துகிற சிங்களவரும் வந்தார்கள். சைக்கிள்காரருக்கு ஊசியைக் கண்டதும் தலை சுற்றியது. "ஐயா, ஒங்கட சைக்கிளுக்கு ஒட்டுப் போட்ட கடனோட இதயும் சேருங்க" என்று கண்ணை மூடிக்கொண்டே சொன்னார்.

மழை அடித்து ஊற்றிய ஒரு திங்கட்கிழமை அவளைக் கொண்டுபோனார்கள். தள்ளுவண்டில் நகரும்போது அவள் அவருடைய கையைப் பிடித்தாள்.

"மகனுக்கு?"

"எல்லாம் சொல்லிப்போட்டன். அழுதவன். ஒண்டும் மறைக்கேல்லை."

"நல்லது."

நாலு மணித்தியாலம் பொன்னம்பலம் நின்றார். இருக்க முடியவில்லை. வலன்ரைன் இரண்டு முறை தேத்தண்ணி கொண்டுவந்து கொடுத்தார். இரண்டும் ஆறிப்போயின. கடைசியில் டொக்டர் நெற்றியைத் துடைத்துக்கொண்டு வந்தார். கையில் ஒரு சிறு போத்தல். அதற்குள் மங்கல் வெள்ளையாக, குதிரை லாடம்போல வளைந்த கட்டி. எலுமிச்சங்காயைவிடக் கொஞ்சம் பெரிசு. அவர் ஒரு சொல்தான் சொன்னார். அதுவும் தமிழில்.

"கிழியல்ல."

பொன்னம்பலம் கும்பிட்டார். டொக்டர் அவருடைய கைகளை இறக்கிவிட்டுப் போனார்.

விலாவில் வெட்டிய வலி சிவமணியைப் பாடாய்ப் படுத்தியது. இருமினால் உயிர் போய் வந்தது. பக்கத்தில் ஒரு குழாயும் போத்தலும். ஏழாம் நாள் மருந்தைக் குடிக்கவைத்துப் படம் எடுத்தார்கள். ஒழுக்கில்லை. பிறகு தண்ணீர், பிறகு கஞ்சி. ஒவ்வொரு நாளும் பொன்னம்பலம் இடியப்பப் பெட்டிகளை ஸமீமாவின் பொறுப்பில் விட்டுவிட்டு வந்து இருந்தார்.

பன்னிரண்டாம் நாள் சோதனை முடிவு வந்தது. வலன்ரைன் கடதாசியோடு வார்டுக்கு வந்து நின்று வாசித்தார். முதலில் ஆங்கிலத்தில், பிறகு தமிழில். புற்று இல்லை. பொன்னம்பலம் கடதாசியை வாங்கி, தனக்குத் தெரியாத அந்த எழுத்துகளை மேலிருந்து கீழாக ஒருமுறை தானும் பார்த்தார். பிறகு அவளிடம் கொடுத்தார். அவளும் பார்த்தாள்.

"இனி மெதுவான சாப்பாடு கொஞ்சம் கொஞ்சமாக் குடுக்கலாம்னு டொக்டர் எழுதியிருக்கார்" என்றார் வலன்ரைன்.

அடுத்த கட்டிலில் கம்பஹாப் பக்கத்து மனுசி ஒருத்தி படுத்திருந்தாள். அவளுடைய மகன் வடக்கே எங்கோ ஒரு இராணுவ முகாமில். ஆறு கிழமையாகச் செய்தியில்லாமல் இருந்து, அன்று காலை கடிதம் வந்ததாம். அதற்காக அவளுடைய தங்கச்சி பாற்சோறு சமைத்து வாழையிலையில் பொதிந்து வார்டெல்லாம் கொடுத்துக்கொண்டு வந்தாள். சிவமணியின் கட்டிலடியில் தயங்கினாள். கொடுக்கலாமா என்று நேர்ஸைப் பார்த்தாள். நேர்ஸ் இலையைத் திறந்து விரலால் அமத்திப் பார்த்துவிட்டுத் தலையசைத்தாள். சின்னச் சின்னதாக, நன்றாகச் சப்பி, என்றாள்.

பொன்னம்பலம் தலையணையை நிமிர்த்தி வைத்தார். சிவமணி ஒரு ஓரத்தைக் கிள்ளி வாயில் வைத்தாள். சப்பினாள். சப்பிக்கொண்டே இருந்தாள். விழுங்கும் நேரம் வந்தபோது கண்ணை மூடிக்கொண்டு நிறுத்தினாள். பழக்கத்தில் தண்ணீர்க் கோப்பைக்குக் கை போனது. பொன்னம்பலம் அவளுடைய தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த கட்டில்காரியும் தங்கச்சியும் நேர்ஸும்கூடப் பார்த்துக்கொண்டுதான் நின்றார்கள்.

சிவமணி கண்ணைத் திறந்து புருஷனை முறைத்தாள். வாயில் சோறோடு, விரலைச் சுழற்றிக் காட்டினாள்.

"அங்காலை திரும்புங்கோ. சாப்பிடேக்கை ஒராள் இப்பிடிப் பாத்தால் விக்கும்."

அவர் திரும்பினார். ஜன்னலுக்கு வெளியே நனைந்த கூரையில் இரண்டு காகங்கள் நின்றன. அவற்றை அவர் பார்க்கவில்லை. முதுகுக்குப் பின்னால் இலை சரசரத்தது. பிறகு ஒன்றும் கேட்கவில்லை. நெடுநேரம் போலிருந்தது. பிறகு இலை மறுபடியும் சரசரத்தது, அடுத்த வாய்க்கு.